கடைசி ஆள் வரும்வரை முடிவுக்கோட்டை விட்டுவையுங்கள்

மாரத்தான், அரை மாரத்தான் போட்டிகளை நடத்துகிற அமைப்பாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் விடாமல் ஓடிவரும் ஒரு மாரத்தானின் இந்த ஆண்டு அறிவிப்பைப் படித்தேன். வழித்தடம் மாறவில்லை. பதக்கத்தின் வடிவம் மாறியிருக்கிறது, சட்டையின் நிறம் மாறியிருக்கிறது. விதிமுறைகளுக்கு நடுவே, சட்டென்று கண்ணில் படாத ஓர் இடத்தில், இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஏழு மணி நேரமாக இருந்த கட்-ஆஃப், அதாவது ஓட்டத்தை முடித்தாக வேண்டிய கெடு, ஆறு மணி நேரமாகிவிட்டது. ஏன் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. வேறு போட்டிகளிலும் இந்தப் பேச்சு அடிபடுவதாகக் கூட ஓடுகிறவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

42.195 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் முடிக்க ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் என்றால் எட்டரை நிமிடம். ஒன்றரை நிமிட வித்தியாசம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் பழைய முடிவுப் பட்டியல்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி ஓட வந்தவர்கள். முதல் தடவையாக இந்தத் தூரத்தைத் தொட்டுப் பார்க்க வந்தவர்கள். பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்து சேர்கிறவர்கள். ஓட்டத்தை வாழ்நாள் பழக்கமாக வைத்துக்கொண்டவர்கள் பலர் ஒருநாள் அந்தக் கடைசிப் பக்கங்களுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நானும் இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

பள்ளி மைதானத்தில் தொடங்கிய ஓட்டம் என்னுடையது. இருபதுகளில் கடிகாரம்தான் எல்லாம். ஒரு நிமிடம் குறைந்தால் அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவாது. அப்புறம் வேலையும் குடும்பமும் கவலைகளும் சூழ்ந்த வருடங்களில், விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் எனக்கென்று மிச்சமிருந்தது. பிரிவு, நோய், கடன் என்று என்ன வந்தாலும் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தால் அன்றைய நாளை எப்படியோ ஓட்டிவிடலாம். இப்போது காலையில் எழுந்ததும் குதிகால் நரம்பு இறுகிக் கிடக்கும். முதல் பத்தடி நொண்டித்தான் நடக்கிறேன். முதல் இரண்டு கிலோமீட்டர் முழங்காலும் இடுப்பும் முனகிக்கொண்டே வரும். மூன்றாவது கிலோமீட்டரில் எங்கோ ஓர் இடத்தில் மூச்சும் காலடியும் சேர்ந்துகொள்ளும்: மூன்று எட்டுக்கு மூச்சு உள்ளே, இரண்டு எட்டுக்கு வெளியே. உள்ளங்கால் தரையில் படும் சத்தம் சீராகிவிடும். அந்த நேரத்தில் வருகிற சந்தோஷம் இருபது வயதில் வந்த அதே சந்தோஷம்தான், ஒரு துளிகூடக் குறையவில்லை. குறைந்தது வேகம் மட்டும்தான்.

அந்த வேகக் குறைவைச் சோம்பல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை விஓ2 மேக்ஸ் என்று அளக்கிறார்கள். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஒருமுறை அது சுமார் 10 சதவீதம் இறங்குகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த இறக்கம் மெதுவாக நடக்கும், ஆனால் நின்றுவிடாது. இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது, தசை கரைகிறது, எழுபதுக்கு மேல் சரிவு இன்னும் செங்குத்தாகிறது. ஒரு சிறிய காயம் ஆற முன்பு ஒரு வாரம் போதும் என்றால் இப்போது ஒரு மாதம் ஆகிறது. எழுபது வயதுக்காரர் ஆறரை மணி நேரத்தில் முடிக்கிற மாரத்தானுக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி, முப்பது வயதுக்காரர் நான்கு மணி நேரத்தில் முடிப்பதற்குச் செய்யும் பயிற்சிக்கு இளைத்தது இல்லை.

வயதானவர்களிலும் வேகமானவர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். கனடாவின் எட் விட்லாக் 2003-இல் 72 வயதில் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்தார். எழுபதைத் தாண்டிய ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல் முறை. 2016-இல் 85 வயதில் 3 மணி 56 நிமிடம். அவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் ஓடிப் பயிற்சி எடுத்தவர். அவர் ஓட்டத்தை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும். எந்தக் கட்-ஆஃபும் அவரைத் தொட்டிருக்காது.

ஆனால் ஃபவுஜா சிங்கை நினைத்துப் பாருங்கள். முதல் மாரத்தானை 89 வயதில் லண்டனில் ஓடியவர். 2011-இல், தன் நூறாவது வயதில், டொராண்டோ மாரத்தானை 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். கடைசிச் சில நூறு மீட்டரை அவர் கடந்துகொண்டிருந்தபோதே முடிவுக்கோட்டின் அருகே இருந்த தடுப்புகளையும் விளம்பரப் பதாகைகளையும் ஊழியர்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்லின. நல்லவேளையாகக் கோடு அங்கேயே இருந்தது. உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. உங்களில் எத்தனையோ பேர் அவருடைய பெயரைச் சொல்லி மேடையில் பேசியிருப்பீர்கள். உங்கள் புதிய விதிப்படி அன்று அவரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பே, பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் வண்டியில் ஏற்றியிருப்பீர்கள்.

அவ்வளவு பெயர் பெறாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஓடிய ஒரு போட்டி, பெயர் வேண்டாம். எனக்குச் சற்று முன்னால் வயதில் மூத்த ஓர் அம்மா ஓடிக்கொண்டிருந்தார். கட்-ஆஃபுக்கு இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டின் காற்றடைத்த வளைவு சாலையோரம் துவண்டு கிடந்தது. நேரம் பதிவு செய்யும் பாயைச் சுருட்டி ஒருவர் தோளில் வைத்திருந்தார். அந்த அம்மா ஓட்டத்தை நிறுத்தாமலே, “கோடு எங்கேப்பா?” என்று கேட்டார். அவர் சாலையில் ஓர் இடத்தைக் கையால் காட்டினார். பாயை ஒட்டியிருந்த டேப்பின் பிசுபிசுப்பு மட்டும் தாரில் தெரிந்தது. அம்மா அங்கே ஓடிப்போய் இரண்டு காலையும் அதன்மேல் வைத்து நின்று, தன் கைக்கடிகாரத்தை நிறுத்தினார். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. முப்பதாவது கிலோமீட்டரில் இருந்த பாயைக் கடந்தது பதிவாகியிருந்தது. அதற்கு அப்புறம் வெறுமை. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, முழுத் தூரமும் ஓடி, குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்த ஒருவர் உங்கள் கணக்கில் பாதி வழியில் நின்றுவிட்டவர் ஆகிவிட்டார்.

சரி, கட்-ஆஃபே கூடாது என்கிறேனா? இல்லை. சாலையை எப்போது திறக்க வேண்டும் என்று போலீஸுக்கு ஒரு நேரம் சொல்லியாக வேண்டும். விடியும் முன்பே வந்த தன்னார்வலர்கள் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? எனக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம் தருகிறார்கள். நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு நொடி தாமதமானாலும் பதக்கம் இல்லை. அதைவிடக் கறாரான விதி எங்கே இருக்கிறது? ஆனாலும் ஓட்டக்காரர்கள் அந்த விதியை மதிக்கிறார்கள். ஏனென்றால் அந்தக் கடைசி நிமிடங்களில்தான் மைதானமே எழுந்து நிற்கிறது. முதலில் வந்தவரைவிட அதிக ஆரவாரம் கடைசியில் வருகிறவருக்குக் கிடைக்கிறது. 1989-இல் வாலி ஹேவர்டு என்ற பழைய சாம்பியன் 80 வயதில் அந்தத் தூரத்தை ஓடி வந்தார். அப்போது கெடு பதினொரு மணி நேரம்தான். அது முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நிலையில் தள்ளாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். முன்பு ஐந்து முறை வென்ற அதே ஓட்டம் அது. கெடு இருந்தது, அதன் கடைசி நொடி வரை கோடும் ஆட்களும் கைதட்டலும் இருந்தன. நான் கேட்பது அதைத்தான்.

இந்தக் கெடுவை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆயிரக்கணக்கானோர் ஓடும் போட்டியில் மெதுவாக ஓடுகிறவர்களைப் பின்வரிசையில் நிறுத்துகிறீர்கள். நியாயம்தான், முன்னால் நின்றால் இடிபடுவோம். ஆனால் முதல் வரிசை கிளம்பிய பிறகு நாங்கள் தொடக்கக் கோட்டைத் தொடவே இருபது நிமிடம், அரை மணி நேரம்கூட ஆகிறது. கட்-ஆஃபை மட்டும் முதல் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து எண்ணுகிறீர்கள். அதாவது யாருக்கு நேரம் அதிகம் தேவையோ அவர்களிடமிருந்துதான் அரை மணி நேரம் கழிகிறது. ஒவ்வொருவர் ஷூவிலோ, நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பிலோ நேரத்தைப் பதிவு செய்யும் ஒரு சிப் இருக்கிறது. கடைசி ஆள் தொடக்கக் கோட்டைத் தாண்டிய நொடி உங்கள் கணினியில் பதிவாகிறது. அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். இதற்குக் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம்.

தண்ணீர் மேசைகளைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. வெல்கிறவர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் காலை நேரத்துக் குளிர்ச்சியிலேயே ஓடி முடித்துவிடுகிறார். ஆறரை மணி நேரம் ஓடுகிறவர் கடைசிப் பத்து கிலோமீட்டரை உச்சி வெயிலில் கடக்கிறார். அந்த நேரத்தில் மேசைகளை மடித்து, மிச்சத் தண்ணீரைச் சாலையில் கொட்டிவிட்டுப் போவது என்ன நியாயம்? தண்ணீர் மட்டும் இருந்தாலும் போதாது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு தேவைக்குக் கீழே போயிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று 2005-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. அதிக நேரம் வழியில் இருப்பதால் அதிகம் குடிக்கிறார்கள். வெறும் தண்ணீராகக் குடிக்கக் குடிக்க ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. தலைசுற்றல், குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. மருத்துவக் கூடாரத்தில் கடைசியாக இருக்க வேண்டியவர் இதைத் தெரிந்த ஒரு டாக்டர். ஆனால் முதலில் காலியாகிற கூடாரங்களில் அதுவும் ஒன்றாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

செலவு, ஆள் பற்றாக்குறை என்பீர்கள். முழு ஏற்பாட்டையும் இன்னும் ஒரு மணி நேரம் நீட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆறு மணி நேரத்தில் சாலையைத் திறந்துவிடுங்கள். மீதமிருப்பவர்கள் நடைபாதைக்கு ஏறிக்கொள்கிறோம், சிக்னலில் நின்று போகிறோம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மேசை போதும். முடிவுக்கோட்டில் மேடையும் ஒலிபெருக்கியும் போகட்டும். ஒரு பாய், ஒரு கணினி, பதக்கப் பெட்டியோடு இரண்டு பேர் இருந்தால் போதும். பதக்கங்களை எண்ணி வையுங்கள், கடைசியில் வருகிறவருக்கும் ஒன்று இருக்க வேண்டும். ஹொனலுலு மாரத்தானில் கட்-ஆஃபே கிடையாது. 1973-இல் தொடங்கிய அந்தப் போட்டி இன்றும் உலகின் பெரிய மாரத்தான்களில் ஒன்றாகத்தான் இருக்கிறது. உங்களால் அதுவரை போக முடியாது என்றால், மெதுவாக ஓடுகிறவர்களை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளப்பிவிடுங்கள். இருட்டில் ஓடி எங்களுக்குப் பழக்கம்தான்.

எல்லோருக்கும் கடைசியாக ஒரு தன்னார்வலரையும் அனுப்புங்கள். 2004-இல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் இலவச ஓட்டம், இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. அங்கே கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. அதனால் ஓட வந்தவர் யாரும் கடைசி ஆவதில்லை. முடிவு நேரம் பதிவு செய்கிறவர்களும் அவர் வந்து சேரும்வரை கலைவதில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் பின்வரிசையில் ஓடுகிறவரின் மனசு தெரிந்தவர். பின்னால் வண்டி உறுமிக்கொண்டு வருவதற்கும் ஒரு மனிதர் பேச்சுக் கொடுத்தபடி நடந்து வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று, ஒருமுறை அந்த வண்டிக்கு முன்னால் ஓடிப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

யாரால் இவ்வளவு தூரம் ஓட முடியும் என்று அமைப்பாளர்கள் முன்பும் தீர்மானித்திருக்கிறார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். அவர்கள் உடம்பு தாங்காது என்று அந்தப் பந்தயத்தையே நீக்கி, 1960-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். பாஸ்டன் மாரத்தானில் 1967-இல் கேத்ரின் ஸ்விட்சரை ஓர் அதிகாரி ஓட்டத்தின் நடுவிலேயே பிடித்து இழுக்கப் பார்த்தார். 1972-இல் அங்கே பெண்களை முறைப்படி சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர 1984 ஆனது. இன்று உங்கள் பதிவுப் பட்டியலிலிருந்து பெண்களை எடுத்துவிட்டால் போட்டி எப்படி இருக்கும்? அன்று கதவைத் திறந்ததால்தானே இந்த விளையாட்டு இவ்வளவு வளர்ந்தது?

ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் கதை ஒன்றை உங்களுக்கு நினைவுபடுத்த ஆசைப்படுகிறேன். 1912 ஜூலையில் அங்கே மாரத்தான் கடும் வெயிலில் நடந்தது. ஓடக் கிளம்பியவர்களில் பாதிப்பேர்தான் முடித்தார்கள். போர்ச்சுகல் நாட்டு ஓட்டக்காரர் ஒருவர் இறந்தே போனார். ஜப்பானிலிருந்து வந்த ஷிசோ கனகுரி வழியில் வெயில் தாங்காமல் தளர்ந்து, சாலையோரத்து வீட்டுக்காரர்களின் உபசரிப்பில் தேறினார். அதிகாரிகளிடம் எதுவும் சொல்லாமலே ஊர் திரும்பிவிட்டார். ஸ்வீடன்காரர்களின் கணக்கில் அவர் காணாமல் போனவர். அவர் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. ஜப்பானில் நெடுந்தூர ஓட்டம் வேரூன்ற அவர்தான் பாடுபட்டார். 1920-இல் தொடங்கிய ஹகோனே தொடர் ஓட்டத்துக்குப் பின்னாலும் அவர் இருந்தார். 1967-இல், அவருக்கு 75 வயதானபோது, ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து அந்தப் பழைய ஓட்டத்தை முடித்துவைத்தார்கள். பதிவான நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி. ஸ்வீடன் அமைப்பாளர்கள் அதைச் செய்திருக்கவே வேண்டியதில்லை. அவருக்காக மறுபடி ஒரு கோடு போட்டார்கள். உலக மாரத்தான் வரலாற்றில் ஓர் அமைப்புக் குழு செய்த மிக அழகான காரியம் இதுதான் என்பேன்.

எங்களுக்கு ஐம்பத்து நான்கு ஆண்டு வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் போனால் என்ன ஆகும் என்று என்னுடன் ஓடியவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு போட்டி எட்டாமல் போனதும் அவர்கள் முதலில் நீண்ட தூர ஞாயிறு ஓட்டத்தை விட்டார்கள். அப்புறம் வாரநாள் ஓட்டம். பிப் எண் ஒன்று முன்னால் இருந்தால்தான் மழையிலும் குளிரிலும் எழுந்து போக மனம் வருகிறது. வெறும் ஆரோக்கியத்துக்காக ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னதற்காக யாரும் நான்கு மணிக்கு எழுவதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 1984-இல் தொடங்கி ஐம்பது வயது தாண்டிய ஓட்டக்காரர்களையும் மற்றவர்களையும் இருபது ஆண்டளவு தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் காலத்தில் ஓட்டக்காரர்களில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 34 சதவீதம். அன்றாட வேலைகளுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையும் ஓட்டக்காரர்களுக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. உங்கள் விளம்பரங்களில் ஆரோக்கியம் என்ற சொல் இல்லாத பக்கமே இல்லை. அப்படியானால், ஓட்டம் யாரை நிமிர்ந்து நடக்க வைத்துக்கொண்டிருக்கிறதோ அவர்களை வெளியே தள்ளாதீர்கள்.

அடுத்த போட்டிக்குப் பதிவு தொடங்கும் முன் இதை உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். கட்-ஆஃப் எவ்வளவு, எங்கிருந்து எண்ணப்படும், எந்த மேசை எத்தனை மணி வரை இருக்கும் என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். கடைசி ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் ஓட்டக் குழுக்களிடம் கேளுங்கள். சீக்கிரம் முடித்த இளைஞர்கள் குளித்துவிட்டுத் திரும்பி வந்து நிற்கத் தயாராக இருக்கிறார்கள், நான் பேசிவிட்டேன். நான் ஓடாத ஆண்டில் நானே வந்து பாய்க்குப் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
பின்வரிசையில் ஓடும் ஒரு மாரத்தான் ஓட்டக்காரர்